கேமராவுக்குப் பின்னால் வந்தவன்

நான் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் எடுத்ததற்குக் காரணம் சைக்கிள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிளஸ் டூ முடித்த விடுமுறையில் குளத்தூரிலிருந்து தினமும் விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பி, போகிற வழியையெல்லாம் கைப்பேசியில் படம் பிடிப்பேன். கண்மாய்க் கரை, தைலமரக் காடு, கல்குவாரிக்குப் போகிற செம்மண் பாதை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டும்போது எனக்குக் கிடைத்த எதுவும் அதில் இருக்காது. அது ஏன் படத்தில் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

அப்பாவுக்குக் குவைத்தில் டிரைவர் வேலை. ஒரு முறை விடுப்பில் வந்திருந்தபோது திருச்சிக்குக் கூட்டிப்போய் கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குனிந்து ஓட்டுகிற பெண்ணை எங்கள் ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. "பஸ்ஸு ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு இந்தப் பாடு" என்பார். கல்லூரி நாட்களில் பேருந்தில்தான் புதுக்கோட்டைக்குப் போய்வந்தேன். சனி, ஞாயிறு மட்டும் சைக்கிள்.

இரண்டாம் ஆண்டில் வீடியோ தயாரிப்புப் பாடத்துக்கு எங்களை இருவர் இருவராகப் பிரித்தார்கள். என்னோடு சேர்க்கப்பட்டவன் திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பா அம்மா கடலையும் மல்லிகையும் போட்டிருந்தார்கள். கொஞ்சம் கனத்த உடம்பு. அதிகம் பேசமாட்டான். எப்போதும் சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கிற துணி இருக்கும். வகுப்பில் மற்ற பையன்கள் எல்லாரும் கேமராவுக்கு முன்னால் நிற்க ஆசைப்பட்டார்கள். இவன் மட்டும் யாராவது கேமராவைத் தன் பக்கம் திருப்பினால் எழுந்து போய்விடுவான்.

நான் எடுத்து வைத்திருந்த சைக்கிள் காட்சிகளை ஒருநாள் அவனிடம் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தான்.

"ரோடு மட்டும்தான் தெரியுது. ஓட்டுற ஆளு எங்க?" என்றான்.

"நான்தானே ஓட்டுறேன். நானே எப்படி என்னை எடுக்கிறது?"

"நீ முன்னாடி ஓட்டு. நான் பின்னாடி எடுத்துக்கிட்டே வாரேன்."

அவனிடம் இருந்தது பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த நீலநிற சைக்கிள். கூடை துருப்பிடித்துப் போயிருந்தது. முதல் சனிக்கிழமை என் பின்னால் கொஞ்ச தூரம் வந்ததுமே அவனுக்கு மூச்சு வாங்கியது. இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போ, நான் இங்கிட்டு இருக்கேன்" என்றான். அடுத்த வாரமும் வந்தான். பழைய ட்யூபைக் கீறி ரப்பர் பட்டைகளாக வெட்டி, துறையின் சிறிய கேமராவைத் தன் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினான். ரப்பர் அதிர்வை வாங்கிக்கொண்டதால் படம் ஆடவில்லை. அந்தக் காட்சியைக் கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான், நான் ஓட்டுவது வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்பதை முதன்முதலாகப் பார்த்தேன். மேட்டில் ஏறும்போது என் தோள் ஒரு பக்கமாகச் சாய்கிறது. எனக்கே தெரியாத விஷயம் அது.

ஆண்டு இறுதியில் இரண்டு பேருக்கு ஒரு ஆவணப்படம் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினம் கடற்கரை வரை நான் சைக்கிளில் போவதை எடுப்பதென்று முடிவு செய்தோம். பாறையும் செம்மண்ணுமாகக் கிடக்கிற மேட்டு நிலத்திலிருந்து இறங்கிப் போய்க் கடலில் முடிகிற பயணம். நான் கடலுக்குச் சைக்கிளில் போனதே இல்லை. அதற்காகப் பல வாரங்கள் பழகினோம். அவன் உடம்பு இளைத்தது. பின்னால் வரும்போது வண்டிச் சத்தம் அவனுக்குத்தான் முதலில் கேட்கும். உடனே "வண்டி" என்று குரல் கொடுப்பான். நான் சாலையோரத்துக்கு ஒதுங்குவேன். இப்படி ஒரு வழக்கம் எங்களுக்குள் தானாக அமைந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாளே நான் புதுக்கோட்டையில் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை விடியும்போது கீழராஜ வீதியில் அவன் காத்திருந்தான். பூட்டிய கடைகளுக்கு முன்னால் நான் ஓட்டிப்போவதை மூன்று நான்கு முறை எடுத்தான். அங்கிருந்து ஆலங்குடி சாலையில் திரும்பினோம். திருவரங்குளத்தில் நிறுத்தி டீ குடித்தோம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம். உங்க வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோமா?" என்று கேட்டேன்.

"போனா அம்மா சாப்பிடாம விடாது. வெயில் ஏறிரும். திரும்பி வரும்போது போவோம்."

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தைலமரம். வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து வந்து சாலையில் கோடு கோடாக விழுந்திருந்தது. அவனுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன். "வண்டி" என்றான், ஒதுங்கினேன், ஒரு பேருந்து போனது. மறுபடியும் "வண்டி" என்றான், ஒரு வேன் போனது. அதற்குப் பிறகு அவன் குரல் வரவில்லை. தகரத்தை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று என்னை உரசுகிற மாதிரி கடந்து போனது. அதன் காற்றில் சைக்கிள் மண்ணுக்குள் இறங்கிச் சாய்ந்தது.

லாரி கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கினார். எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மரங்களுக்குள் இறங்கி ஓடிவிட்டார்.

அவன் சாலையை விட்டுத் தள்ளி மண்ணில் கிடந்தான். கண் திறந்திருந்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அவன் பார்த்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் மூட்டைகளை அப்படியே சாலையோரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு அவனை ஏற்றினார். நான் பின்னால் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே என் கைக்குள் அந்தத் தலையின் கனம் மாறிவிட்டது. ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாக ஓட்டுவார் என்று நினைத்தேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது காவலர் ஒருவர் வந்து விசாரித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் சைக்கிளோடு அதையும் எடுத்து வந்திருந்தார்கள். மறுநாள் வாக்குமூலம் எழுதக் காவல் நிலையத்துக்குப் போனேன். மெமரி கார்டைக் கணினியில் போட்டு ஓடவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஒருவர் திரையைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்படி எடுக்காதீங்க. ஒரிஜினல் கார்டை அப்படியே சீல் பண்ணி வைங்க. அதுதான் ஆதாரம்" என்றேன்.

"எங்களுக்குத் தெரியும்மா. நீங்க கையெழுத்துப் போடுங்க."

அடுத்த சில நாட்களிலேயே அந்தக் காட்சி எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள், காதல் ஜோடி காலையிலேயே ஊர் சுற்றப் போனபோது நடந்த விபரீதம் என்று. அதற்கும் கீழே வாசிக்கக் கூசுகிற வார்த்தைகள். அம்மா என் கைப்பேசியை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அப்பாவிடம், என்னோடு படிக்கிற பையன் இறந்துவிட்டான் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். நான் அங்கே இருந்தேன் என்று சொல்லவில்லை. அம்மாவின் கைப்பேசியில் அவர் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் ஒரு வீடியோ காட்டுனான். முன்னாடி போறது நீதானே?"

"ஆமாப்பா."

பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது.

"நானும் வண்டி ஓட்டுறவன்தான். ஒன்னைத் தாண்டும்போது எவ்வளவு எடம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன்" என்றார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்கு அவனோடு போனாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கல்லூரியில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்ததால் முகம் மங்கிப் போயிருந்தது. ஆய்வகப் பொறுப்பாளர் என்னிடம் துறையின் கேமரா எப்போது திரும்பி வரும் என்று இரண்டு முறை கேட்டார். ஒரு ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதுவரை எடுத்ததை வைத்து அவனைப் பற்றியே படம் செய்யலாமே, போட்டிகளுக்கு அனுப்பலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "முடியாது சார்" என்றேன். பூச்சந்தையில் ஒரு காலைப்பொழுதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தேர்ச்சி பெற்றேன். அதில் ஒரு காட்சிகூட எனக்கு இப்போது நினைவில்லை.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா என்னை உட்காரச் சொன்னார். கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்து, கடைசியில் கேட்டார்.

"ஒரு வருசமா கேமரா கேமரான்னு கெடந்தான். அதுல அவன் இருப்பானே ஆத்தா. எனக்குக் காட்டு. அடிபட்டது வேணாம். நல்லாருக்கப்ப எடுத்தது."

என்னிடம் இருந்ததை எல்லாம் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அவனுடைய அப்பாவும் வந்து பின்னால் நின்றார். தைலமரக் காடு வந்தது. கண்மாய் வந்தது. மேட்டில் ஏறுகிற என் முதுகு வந்தது. கல்குவாரிக்குப் போகிற செம்மண் பாதை வந்தது. மறுபடியும் என் முதுகு வந்தது.

"இது நீ. அவன் எங்க?" என்றார் அந்த அம்மா.

"அவன்தான்மா எடுத்தது. எடுக்கிறவங்க படத்துல வரமாட்டாங்க."

"ஒண்ணுலகூடவா இல்ல?"

நான் மடிக்கணினியை மூடினேன். அவனுடைய அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் அந்த அம்மா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒன்னை ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காத. ஊருல என்னென்னமோ பேசுறாங்க. ஒங்க ரெண்டு பேருக்குள்ள எதுவும் இருந்துச்சா? இருந்தா சொல்லு ஆத்தா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இல்லைங்கம்மா. ஃப்ரெண்டுதான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் வாடியது. "இருந்திருந்தா நல்லாருக்கும். அந்தப் பயலுக்கு அதுவாச்சும் கெடச்சிருக்கும்" என்றார்.

அன்றைக்குப் பிறகு நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு வருடத்தில் நாங்கள் எடுத்த எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். பயிற்சிக்கு எடுத்தது, வீணாகப் போனது, அழிக்க மறந்தது என்று எதையும் விடவில்லை. பல இடங்களில் அவன் குரல் இருந்தது. ஒரு கண்ணாடிக் கதவில் கேமராவோடு நிற்கிற அவன் நிழல் இருந்தது. முகம் இல்லை. கடைசியில், ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பறையில் எடுத்த ஒரு கோப்பைத் திறந்தேன். அறையின் வெளிச்சத்தில் வெள்ளை எது என்பதைக் கேமராவுக்குக் காட்டிக்கொடுக்க, ஒரு வெள்ளைத் தாளை அதன் முன்னால் பிடிப்போம். அன்றைக்குக் கேமரா என் கையில் இருந்திருக்கிறது. தாளைப் பிடித்தவன் அவன். திரை முழுக்க வெள்ளை. பிறகு தாள் இறங்குகிறது. அவன் நேராக லென்ஸைப் பார்த்து, "ஆச்சா? சரியா இருக்கா?" என்கிறான். கொஞ்சம் சிரிப்பு வருகிறது. உடனே எழுந்து போய்விடுகிறான்.

அதைக் கொண்டுபோய் அவனுடைய அப்பாவின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா முதல் தடவை கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாம் தடவை, அவன் கேட்டதற்குப் பதிலாக, "சரியா இருக்குப்பா" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே அது மறுபடி மறுபடி ஓடியது.

வழக்கு ஆலங்குடி நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது நான் படிப்பை முடித்து, புதுக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலையில் இருந்தேன். டிரைவர் சில நாட்களிலேயே சரணடைந்து ஜாமீனில் வெளியே வந்திருந்தார். பையன் கேமராவைப் பார்த்துக்கொண்டே நடுரோட்டுக்கு வந்துவிட்டான் என்பது அவர் தரப்பு.

அது உண்மையில்லை. காட்சியில் சாலையோர வெள்ளைக் கோடு கடைசிவரை அவனுக்கு வலது பக்கத்திலேயே இருக்கிறது. அவன் ஒருமுறைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்கவே இல்லை. மின்னணுப் பதிவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சான்றிதழ் கொடுக்கப்படவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. உலகமெல்லாம் பார்த்துவிட்ட படத்தை நீதிபதி மட்டும் பார்க்கவில்லை.

நான் கூண்டில் ஏறிக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"வீடியோவுல பாத்ததைச் சொல்லாதீங்க. நேருல பாத்ததைச் சொல்லுங்க. மோதுன நேரத்துல நீங்க எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார் வக்கீல்.

"முன்னாடி."

"அப்ப மோதுனதை நீங்க பாக்கலை."

"சத்தம் கேட்டுச்சு."

"பாத்தீங்களா இல்லையா?"

"பாக்கலை."

அதற்குப் பிறகு, அந்த நேரத்தில் ஒரு பையனோடு தனியாக எதற்குப் போனீர்கள், உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டார். வழக்குக்குச் சம்பந்தம் இல்லாததைக் கேட்க வேண்டாம் என்று நீதிபதி தடுத்தார். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கேள்வியை அங்கே இருந்த எல்லாரும் கேட்டார்கள். பின்வரிசையில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

தீர்ப்பன்று ஸ்டூடியோவில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆலங்குடிக்குப் போனேன். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று டிரைவரை விடுதலை செய்தார்கள். எல்லாம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. வெளியே வராந்தாவில் அவர் அவனுடைய அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். நரைத்த தலை, கட்டம் போட்ட சட்டை. எங்கள் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற யாரோ ஒருவரைப் போலத்தான் இருந்தார்.

"அண்ணே, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று தொடங்கினார்.

"போங்க" என்றார் அவனுடைய அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வழியில் நிற்கிறவரை நகரச் சொல்வதுபோல இருந்தது. டிரைவர் போய்விட்டார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு வக்கீல் சொன்னதை அவனுடைய அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செய்யப்போவதில்லை என்பது எல்லாருக்குமே தெரிந்தது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம், நான் இல்லாதது போலச் சொன்னார்: "இந்தப் புள்ள கூப்புடாம இருந்திருந்தா அவன் வயக்காட்டுல நின்னுருப்பான்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நீதிமன்றம் யார்மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அவர் யாரையாவது சொல்லத்தானே வேண்டும். இருந்தாலும் அந்த வார்த்தை என் உடம்பில் எங்கேயோ போய்த் தங்கிவிட்டது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிற இடத்தில் அது வந்து நிற்கும்.

புதுக்கோட்டைப் பேருந்தில் எல்லாரும் ஒன்றாகவே ஏறினோம், வேறு வண்டி இல்லை. அவர்கள் முன்னால், நான் பின்னால். தைலமரக் காட்டுக்குள் பேருந்து நுழைந்தபோது அந்த அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவனுடைய அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திருவரங்குளத்தில் அவர்கள் இறங்கினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

புதுக்கோட்டையில் இறங்கி ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒரு கல்யாணத்தின் தாலி கட்டுகிற காட்சி பாதி வெட்டியபடி கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதை முடித்துக் கொடுத்தேன்.